அளவுக்குப் பெரிய வண்டி

1

நான் பிறந்த நாள் எனக்குத் திட்டமாகத் தெரியாது. பாஸ்போட்டில் இருப்பது வாத்தியார் தன் எண்ணத்துக்குப் போட்ட திகதி. ஆனால் ஜெர்மனியில் வந்து இறங்கிய நாள் நன்றாகத் தெரியும். அன்றைக்கு முழங்கால் அளவு பனி. என் காலில் தொண்டைமானாற்றில் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட அதே ரப்பர்ச் செருப்பு. ஆகையால் வருசா வருசம் நான் கொண்டாடுவது இறங்கிய நாளைத்தான். கடையை மத்தியானத்தோடு பூட்டுவேன். ஆட்டிறைச்சி காய்ச்சுவேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரும் வந்து, மூக்கால் தண்ணீர் ஓட ஓடச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த முறை அந்த நாளில் சமைத்து முடித்துவிட்டு, பேத்தி மதுராவின் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் நானே வாங்கிக் கொடுத்த சிவப்புத் தோல் சப்பாத்து. இரண்டு கால் நுனியும் தேய்ந்து உள்ளே வெள்ளைத் துணி தெரிந்தது.

மதுரா நடக்கிறவள் அல்ல.

அவளுக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை. கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி இறுகி இருக்கும். முதுகில் பலம் குறைவு. நெடுநேரம் நிமிர்ந்து இருக்க முடியாது. மூளைக்கும் வாய்க்கும் ஒரு குறையும் இல்லை. வாய் என்னைப் போல. இரண்டு வயதில் வாங்கிய தள்ளுவண்டியில்தான் அவளை இன்னும் தள்ளித் திரிந்தோம். பிள்ளை வளர்ந்துவிட்டாள். கால் வைக்கிற தட்டு அவளுக்குப் பொருந்தாமல் மேலே நின்றுவிட்டது. கால் வழுகி, வீதியில் இழுபட்டு, நடக்காத பிள்ளையின் சப்பாத்து தேய்ந்திருக்கிறது.

மகள் சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எனக்கு மேல்மாடியில் இருக்கிறாள். மருமகன் பார லொறி ஓட்டுகிறவர், கிழமையில் இரண்டு நாள்தான் வீட்டில்.

“பிள்ளை, இதென்ன?”

“தெரியும் அப்பா. விசேச வண்டிக்கு டொக்டரிட்டைத் துண்டு வாங்கிக் காப்புறுதிக் கந்தோருக்கு அனுப்பியாச்சு. பதில் வரட்டும்.”

“அனுப்பி எவ்வளவு காலம்?”

“ஆறு கிழமை.”

“ஆறு கிழமையோ! நான் ஆறு கிழமையிலை ஒரு கடையே திறந்தனான்.”

“கடை திறக்கிறது சுகம் அப்பா. இது ஜெர்மன்காரன்ரை கடதாசி.”

அதோடு இன்னொரு கதையும் இருந்தது. ஆவணியில் ஊருக்குப் போக யோசித்திருந்தோம். மதுரா ஊரை இன்னும் காணவில்லை. தொண்டைமானாற்றில் இருக்கிற என் தங்கச்சி இராசாத்திக்கு “இந்த வருசம் கூட்டிக்கொண்டு வாறன்” என்று நான் நாலு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சுகந்தி அன்றைக்குத் தீர்ப்பாகச் சொல்லிவிட்டாள்.

“அவளாலை மூண்டு மணித்தியாலம் சரியாமல், நோகாமல் இருக்க ஏலுமெண்டால் கூட்டிக்கொண்டு வருவன். இல்லையெண்டால் நீங்கள் தனியப் போட்டு வாங்கோ அப்பா. பிள்ளையை நோகப்பண்ணி ஊர் காட்ட எனக்கு விருப்பமில்லை.”

நான் சப்பாத்தை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். நான் ஒரு காரியத்தை நினைத்தால் நடத்தாமல் விட்டதில்லை. இது ஊரில் என்னை அறிந்த எல்லாருக்கும் தெரியும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தகப்பன் வள்ளத்தில் சாமான் ஏற்றி ஓடியவர். நானும் மீசை முளைக்க முன்னமே கடலுக்குப் போனவன். இங்கே வந்து ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவினேன். ஏழு வருசம். பிறகு மரக்கறி லொறி. பிறகு என் கடை. இன்றைக்கு இந்த நகரத்தில் முருங்கைக்காய் வேண்டுமென்றால், டொக்டராக இருந்தாலும் என்ஜினியராக இருந்தாலும் என் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் நான் கை நீட்டியதில்லை. அகதியாக வந்த புதிதில் கொடுத்த உதவிப் பணத்தையும், வேலை கிடைத்த மாதமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவன்.

அப்படிப்பட்டவன் ஒரு தள்ளுவண்டிக்காகக் கடதாசி பார்த்துக்கொண்டு இருப்பேனா?

அந்தச் சனிக்கிழமையே போனேன். அங்கவீனமான பிள்ளைகளுக்கான சாமான் விற்கிற பெரிய கடை. வயதாளிகளின் கைத்தடியிலிருந்து கட்டில் வரை எல்லாம் இருக்கும். விற்கிற பெடியன் முதலில் கேட்டது, “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவில்லையா?” என்று. நான் சொன்னேன், பிள்ளையை எனக்குத் தெரியும், வண்டியைக் காட்டு என்று. அவன் இடுப்பு எத்தனை சென்ரிமீற்றர், தொடை எத்தனை என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. தையற்கடைக்கா வந்திருக்கிறேன்?

நான் தெரிந்தெடுத்தது அங்கே இருந்ததில் ஆகப் பெரியது. பதினாலு வயது வரைக்கும் பாவிக்கலாம் என்று எழுதியிருந்தது. சில்லைச் சுழற்றிப் பார்த்தேன்; சில்லில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடையில் நான் திருத்தாத சாமான் வண்டி இல்லை. பூட்டுகள் நல்ல இரும்பு. துணி நல்ல தடிப்பு.

ஏன் ஆகப் பெரியது என்று இதை வாசிக்கிற எங்கள் சனம் கேட்கமாட்டார்கள். வளருகிற பிள்ளைக்கு அளவாக உடுப்பு எடுத்த தாய் தகப்பன் யாழ்ப்பாணத்தில் உண்டா? என் பள்ளிக்கூடக் காற்சட்டை முழங்காலுக்குக் கீழே வந்தது. அரைஞாண் கயிற்றில் சுருட்டிச் செருகிக்கொண்டு போனேன். அக்காவின் வெள்ளைச் சட்டையில் மூன்று மடிப்பு மடித்துத் தைத்திருக்கும். வருசத்துக்கு ஒரு மடிப்பு அவிழ்ப்பார்கள். எனக்கு முதல் சப்பாத்து வாங்கியபோது நுனியில் பேப்பர் அடைத்துத் தந்தார்கள். கால் வளர வளரப் பேப்பர் குறையும். அதுதான் கணக்கு. சுகந்தியையும் நான் அப்படித்தான் வளர்த்தேன். இங்கே பனிக்குப் போடுகிற கோட்டின் கை அவளுடைய விரலை மூடி நிற்கும்.

வண்டியைக் கொண்டுவந்து வீட்டுக்குள் விரித்தபோது சுகந்தி வாயில் கை வைத்தாள்.

“அப்பா, இதுக்குள்ளை நானே இருக்கலாம்.”

“வளருற பிள்ளை. ஒருக்கா வாங்கினால் பதினாலு வயது மட்டும் யோசினை இல்லை.”

“அளந்து பார்த்தோ வாங்கினனீங்கள்?”

“அளவு என்னடி அளவு? ரெண்டு பக்கமும் தலாணி வைச்சால் சரி.”

மதுரா மட்டும் கையைத் தட்டிச் சிரித்தாள். “அம்மப்பா, இது கார் போல!” என்றாள். எனக்கு அது போதும்.

3

இரண்டு பக்கமும் தலையணை வைத்தோம். முதுகுக்கு ஒன்று. காலுக்குக் கீழே, தட்டின் மேல், நான் கடையிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்து கட்டினேன். சந்தைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் எல்லாரும் “அண்ணை, புது வண்டியோ?” என்று கேட்டார்கள். கேட்காதவர்களுக்கு நானே சொன்னேன்.

ஒரு மாற்றத்தை நான் கண்டேன், ஆனால் பிழையாக விளங்கிக்கொண்டேன். மதுராவுக்கு வெளியே போனால் கை சும்மா இராது. நாய் போனால் நாயைக் காட்டுவாள், ட்ராம் போனால் ட்ராமைக் காட்டுவாள், கடைக் கண்ணாடிக்குள் கேக்கைக் காட்டுவாள். புது வண்டியில் அவள் ஒன்றையும் காட்டவில்லை. முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். விரல் மூட்டு வெளுத்துப்போய் இருக்கும். பிள்ளை பொறுப்பாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள் என்று நான் மெச்சினேன்.

மத்தியானத்துக்குள் அவள் வலப்பக்கம் சரிந்துவிடுவாள். தூக்கி நிமிர்த்தி வைப்பேன். பத்து நிமிசத்தில் முன்பக்கம் வழுகி, நாரியும் முதுகும் வளைந்து, கழுத்து தலையணைக்குள் போய்விடும். “நித்திரை வருதோ?” என்று கேட்பேன். “ஓம்” என்பாள்.

இந்த நேரத்தில்தான் காப்புறுதிக் கந்தோரிலிருந்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையைப் பார்த்து, விசேச வண்டி தேவையா என்று எழுதிக்கொண்டு போக. சுகந்தி வேலையால் வரச் சற்றுப் பிந்திவிட்டது. நான்தான் கதவு திறந்தேன்.

டொச்சில், அதாவது ஜெர்மன் பாசையில், எங்களைப் போலவே நீ என்றும் நீங்கள் என்றும் இரண்டு உண்டு. நான் அந்தப் பாசையைக் குசினியில் படித்தவன். அங்கே எல்லாரும் எல்லாருக்கும் நீதான். ஆகையால் இன்றைக்கும் என் வாயில் பொலிஸ்காரனுக்கும் நீதான் வரும். “வா, இரு, தேத்தண்ணி குடி” என்று அந்தப் பெண்ணை அழைத்தேன். அவள் முகம் கொஞ்சம் இறுகியது. பிறகு சிரித்துவிட்டாள்.

அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்று இல்லை என்று ஒரு கந்தோர் ஆள் நினைக்க விடுவேனா? புது வண்டியை நடுவிறாந்தைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“பார். நானே வாங்கினது. ஆகத் திறமானது. பதினாலு வயது மட்டும் காணும். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.”

அவள் சுற்றிவரப் பார்த்தாள். படம் எடுத்தாள். “பிள்ளைக்கு வசதியாக இருக்கிறதா?” என்று கேட்டாள்.

“மகாராணி மாதிரி இருக்கிறாள்” என்றேன்.

அவள் எழுதினாள். சுகந்தி ஓடி வந்து சேர, அந்தப் பெண் பேனையை மூடிவிட்டாள்.

4

மூன்று கிழமையில் பதில் வந்தது. சுகந்தி குசினியில் நின்று வாசித்தாள். எனக்கு டொச் வாசிக்கத் தெரியும், ஆனால் கந்தோர் டொச் வேறு சாதி. அவள் தமிழில் சொன்னாள்.

“பிள்ளைக்குப் பொருத்தமான வண்டி வீட்டிலை ஏற்கனவே இருக்காம். குடும்பத்தார் திருப்தியாம். ஆனபடியாலை விண்ணப்பம் நிராகரிப்பு.”

 அவள் என்னை ஏசவில்லை. கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு வெங்காயம் வெட்டத் தொடங்கினாள். அவள் ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மதுராவைப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது நான். அங்கே பிசியோ செய்கிற ஒரு அம்மா இருக்கிறார். ஐம்பது வயது இருக்கும், கை இரும்பு, குரல் பஞ்சு. அவர் மதுராவை வண்டியில் இருத்தி, எனக்குப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொன்னார். இடுப்பு எங்கே நிற்கிறது, முதுகு எப்படிக் கூனுகிறது என்று விரலால் கோடு இழுத்துக் காட்டினார். இப்படியே இரண்டு வருசம் போனால் முள்ளந்தண்டு இந்த வளைவிலேயே வளர்ந்துவிடும் என்றார். பிள்ளை வளர்ந்து கதிரையை நிரப்ப முன்னம், கதிரை பிள்ளையை வளைத்துவிடும்.

நான் விடவில்லை. “தலாணி வைத்திருக்கிறேனே” என்றேன்.

அவர் மதுராவை வெளியே பொம்மை இருக்கிற இடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து சொன்னார். “அவளுக்கு இதில் விழப் பயம். போன மாதமே எனக்குச் சொன்னாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். அம்மப்பா வாங்கினது, கவலைப்படுவார் என்று.”

என்னோடு அரைத் தமிழில் கதைத்துக்கொண்டு வந்த பிள்ளை. அந்தப் பயத்தை டொச்சில், வேறு ஒரு மனுசியிடம் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். நான் “நித்திரை வருதோ” என்று கேட்ட ஒவ்வொரு முறையும் “ஓம்” என்று சொன்னவள்.

மறுநாள் காலை கடைக்கு மரக்கறி இறங்கியது. பெரிய மரப்பெட்டி ஒன்றில் ஒரேயொரு பூசணிக்காய் வந்திருந்தது. வண்டியில் வைத்துத் தள்ளும்போது அது பெட்டிக்குள் உருண்டு உருண்டு பக்கத்தில் மோதியது. நான் நின்றுவிட்டேன். எனக்குப் பத்து வயதில் தகப்பனின் வள்ளத்தில் என் வேலை என்ன? ஏற்றிய சாமானுக்கு இடையில் தேங்காய்ப் பொச்சு மட்டை அடைக்கிறது. ஒரு விரல் இடைவெளி விட்டாலும் நடுக்கடலில் சாமான் உருளும். உருண்டால் வள்ளம் சரியும். சரிந்தால் பிறகு கதை இல்லை. கொஞ்சச் சாமானுக்குப் பெரிய வள்ளம் எடுக்கிற விசரன் எங்கள் கரையில் இல்லை. அதைவிட, எந்த மடையனாவது பொச்சுக்குப் பதில் தலையணை வைத்து அடைத்ததுண்டா? அமுங்கிக் கொடுக்கிற பொருள் எதையும் பிடிக்காது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்த விசயம். பிசியோ அம்மா கோடு இழுத்துக் காட்டியும் விளங்காதது ஒரு பூசணிக்காயில் விளங்கியது. கடை வாசலில் நின்றபடியே சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

“பிள்ளை, அந்தக் கடிதத்துக்குத் திருப்பி எழுத ஏலுமோ?”

“ஒரு மாதத்துக்குள்ளை எழுதலாம் அப்பா. நானும் யோசிச்சனான். வண்டி உடைஞ்சுபோச்சு எண்டு எழுதுவம். சில்லு கழண்டு போச்சு எண்டு.”

“பொய் எழுதவோ?”

“பின்னை என்னெண்டு எழுதுறது? நீங்கள்தானே திறமான வண்டி எண்டு சொல்லி வைச்சிருக்கிறியள்.”

“வண்டி திறம்தான். நான்தான் பிழை. அப்பிடி எழுது.”

 “அப்பா, உங்களுக்குச் சுகமில்லையோ?” என்று கேட்டாள்.

அன்றைக்குப் பின்னேரம் குசினி மேசையில் இருந்து நான் சொல்லச் சொல்ல அவள் டொச்சில் எழுதினாள். நான் சொன்னது இவ்வளவுதான். நான் பிள்ளையின் அம்மப்பா. வண்டியை அளக்காமல் வாங்கியவன் நான். எங்கள் ஊரில் வளருகிற பிள்ளைக்குப் பெரிதாக வாங்குவது வழக்கம். உடுப்புக்கு அது சரி. இருக்கைக்கு அது பிழை. உங்கள் ஆள் வந்தபோது குறையில்லை என்று சொன்னதும் நான்தான். அது என் பெருமைக்குச் சொன்னது. பிள்ளை சரிகிறாள், வழுகுகிறாள், பயத்தில் கம்பியை விடுகிறாளில்லை. திரும்ப வந்து பாருங்கள். இந்த முறை நான் வாயைத் திறக்கமாட்டேன்.

“கடைசி வசனம் தேவையோ அப்பா?”

“எழுது.”

கீழே என் கையெழுத்தைப் போட்டேன். வங்கிக் கடதாசி, கடைக் கடதாசி, வீட்டு உறுதி என்று எத்தனையோ இடத்தில் நான் கையெழுத்து வைத்தவன். என் பிழைக்குக் கையெழுத்து வைத்தது அந்த ஒரு இடத்தில்தான். பிசியோ அம்மா தன் பங்குக்கு இரண்டு பக்கம் எழுதித் தந்தார். இரண்டையும் நானே கொண்டுபோய்க் கந்தோர்ப் பெட்டியில் போட்டேன்.

அதே பெண் மீண்டும் வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் இருந்தேன். அவள் மதுராவை வண்டியில் இருத்தி ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்தாள். பிள்ளை மூன்று முறை சரிந்தாள். ஒவ்வொரு முறையும் நிமிர்த்த எழும்பப் பார்த்து, கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். போகும்போது அந்தப் பெண் என்னிடம், “நீ இன்றைக்கு நல்ல அமைதி” என்றாள். எனக்கு நீ என்றாள். நாங்கள் கூட்டாளிகள் ஆகிவிட்டோம் என்று விளங்கிக்கொண்டேன்.

ஆனியில் சம்மதக் கடிதம் வந்தது.

5

இந்த முறை மதுராவையும் கூட்டிக்கொண்டு போனோம். அதே கடை, அதே பெடியன். என்னைக் கண்டதும் தையல் நாடாவை எடுத்துத் தூக்கிக் காட்டினான். “காட்டு, காட்டு, உன்ரை முறை” என்று தமிழிலேயே சொன்னேன்.

இடுப்பின் அகலம், இடுப்பிலிருந்து முழங்கால் மடிப்பு, மடிப்பிலிருந்து குதிக்கால், இருக்கையிலிருந்து தோள். நாலு அளவு. இரண்டு வண்டியைக் கொண்டுவந்து வைத்தான். ஒன்று பாரமில்லாதது, ஒரு கையால் மடிக்கலாம், காருக்குள் போடச் சுகம். மற்றது பாரம், ஆனால் பிள்ளை களைத்தால் கதிரையை அப்படியே பின்பக்கம் சாய்க்கலாம், இடுப்பும் முதுகும் இருந்த கோணம் மாறாது. சுகந்தி பாரமில்லாததைப் பார்த்தாள். தினம் தூக்குகிறவள் அவள். நான் பாரமானதைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூட்டை அரிசிக்குக் குறைவுதான்.

அதைவிட எனக்குப் பிடித்தது அதன் எலும்புக்கூடு. இருக்கையின் இரண்டு பக்கமும் ஆணி. பிள்ளை வளர வளர ஆணியைக் கழற்றி ஒவ்வொரு விரலாக அகட்டலாம். கால் தட்டையும் இறக்கலாம். இன்றைக்கு இன்றைய அளவு, வருகிற வருசம் அந்த வருசத்து அளவு. இதைச் செய்தவன் ஐந்தாம் வகுப்பாக இருக்கமாட்டான் என்று ஒப்புக்கொள்ளுகிறேன்.

சில்லில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெடியன் காற்றில்லாத இறுக்கச் சில்லைத்தான் காட்டினான். பஞ்சர் ஆகாது என்றான்.

“மணலிலை ஓடுமோ?” என்று கேட்டேன்.

“எந்தக் கடற்கரைக்குப் போகிறீர்கள்?”

“கடற்கரை இல்லை. கோயில்.”

அவனுக்கு விளங்கவில்லை. இறுக்கச் சில்லு மணலில் கத்தி மாதிரி இறங்கும். காற்றுச் சில்லு மிதக்கும். பஞ்சர் ஆகுமே என்று அவன் திரும்பவும் சொன்னான். தம்பி, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஒட்டுகிற கடை இல்லாத சந்தி ஒன்று காட்டு, நான் என் கடையை உனக்கு எழுதித் தாறன் என்றேன். சுகந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. அகலக் காற்றுச் சில்லையே போடச் சொல்லிவிட்டாள்.

பிறகு அவன் மதுராவை இரண்டிலும் மாறி மாறி இருத்தினான். இடுப்புக்கு வார், நெஞ்சுக்கு வார். கடைக்குள்ளேயே சரிவும் கல்லும் பதித்த ஒரு பாதை உண்டு. அதில் தள்ளிக்கொண்டு போனான். பாரமான வண்டியில் இரண்டாவது சுற்றில், மதுரா பையிலிருந்து பிஸ்கற்றை எடுத்துத் தின்னத் தொடங்கினாள். ஒரு கையில் பிஸ்கற், மறு கை மடியில். கம்பியில் கை இல்லை. யாரும் சொல்லாமல் தானாக விட்டிருக்கிறாள்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் வேறெங்கோ பார்த்துக் கண்ணைத் துடைத்தாள்.

பெடியன் குந்தியிருந்து மதுராவிடம் கேட்டான், “எது?” என்று. எங்களிடம் கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஆறு வயதுப் பிள்ளையிடம் யார் கேட்பது? நான் குறுக்கே வாயைத் திறந்தேன். சுகந்தி என் கையைப் பிடித்துவிட்டாள்.

மதுரா பிஸ்கற்றை விழுங்கிவிட்டு டொச்சில் சொன்னாள். “மற்றதை நான் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இது என்னைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.”

நான் வாங்கிய பெரிய வண்டியைப் பிசியோ அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அவரிடம் வருகிற பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அளந்து பார்த்தாராம். அளவாக இருந்ததாம். ஆக, நான் வாங்கியது நல்ல வண்டிதான்.

6

ஆவணியில் ஊருக்கு வந்தோம். விமானத்தில் பிள்ளை ஒரு நோவும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வாடகை வேனில் வரும் வழியில் கொடிகாமத்தில் நிறுத்தி இளநீர் குடித்தோம். மதுரா வண்டியில் இருந்தபடி வீதியால் போன ஒவ்வொரு மாட்டையும் காட்டி எண்ணினாள்.

தங்கச்சி இராசாத்தி வாசலில் நின்று பிள்ளையைக் கொஞ்சி முடிய, வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

“என்ன அண்ணை, உது பிள்ளைக்கு இறுக்கமாயெல்லே கிடக்குது? வளருற பிள்ளை. கொஞ்சம் பெரிசாய் எடுத்திருக்கலாமே. உங்களிட்டை இல்லாத காசோ?”

சுகந்தி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். நான் இராசாத்தியை இருத்தி, கடிதம் எழுதியது வரை முழுக் கதையும் சொன்னேன். அவள் நாடியில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“நீங்கள் பிழை எண்டு நீங்களே எழுதிக் குடுத்தனீங்களோ?”

“ஓம்.”

“பொய் சொல்லாதேங்கோ அண்ணை” என்றுவிட்டு எழுந்து போனாள்.

மூன்றாம் நாள் மருதனார்மடத்தில் சந்தைக்குப் பின்னால் ஒரு முள் ஏறிச் சில்லு காற்றுப் போனது. சந்தியில் சைக்கிள் கடைக்காரர் பத்து நிமிசத்தில் ஒட்டித் தந்தார். ஜெர்மனியில் வண்டி விற்ற பெடியனுக்கு அனுப்ப ஒரு படம் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை செல்வச்சந்நிதிக்குப் போனோம். வாசலில் இராசாத்தி தயங்கினாள். “செருப்போடை போறேல்லை. உந்தச் சில்லு கண்ட கண்ட ரோட்டெல்லாம் உருண்டது. உள்ளை கொண்டு போகலாமோ?” அங்கே நின்ற ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டு வந்தார். “நாங்கள் கால் கழுவிப்போட்டுத்தானே போறம்? உதுக்கும் கழுவுங்கோவன்” என்றார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழாயடியில் நாலு சில்லையும் கையால் தேய்த்துக் கழுவினேன். மதுரா மேலே இருந்து, “அதிலை மண், இதிலை மண்” என்று வேலை வாங்கினாள்.

கோயிலைச் சுற்றி மணல். காற்றுச் சில்லு மிதக்கும் என்று நான் சொன்னேன்தான். மிதந்தது, பாதித் தூரம். அதற்குப் பிறகு முன் சில்லு புதைந்தது. இரண்டு இளந்தாரிகள் ஓடி வந்து, “ஐயா, வண்டியோடை தூக்கி விடுறம்” என்றார்கள். வேண்டாம் என்றேன். சாமானைத்தான் தூக்குவது. வண்டியைத் திருப்பி, முன் சில்லு மேலே நிற்கச் சாய்த்து, பின் சில்லு இரண்டிலும் பின்பக்கமாக இழுக்கத் தொடங்கினேன். கரையில் வள்ளம் இழுத்த கை. எழுபது வயதுக்கு அது மோசமில்லை. வெயில் உச்சியில் நின்றது. பத்து அடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கினேன். மதுரா எனக்கு முதுகு காட்டி இருந்தாள். பின்னால் வருகிற சனம் முழுவதும் அவளுக்கு முன்னால். நிமிர்ந்து இருந்தாள். வீட்டால் வெளிக்கிட்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. சுகந்தி மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

எதிரே கற்பூரத்தட்டோடு வந்த ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

“நல்ல வண்டியாய்க் கிடக்குது. உங்கடையோ ஐயா?”

நான் இழுப்பதை நிறுத்தி, நிமிர்ந்து, வாயைத் திறந்தேன். அரை மணித்தியாலத்துக்குச் சொல்ல என்னிடம் கதை இருந்தது.

“இல்லை மாமா, என்ரை” என்றாள் மதுரா. “வழி விடுங்கோ.”

அவர் வழி விட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இழுத்தேன்.